கடைக்கு யூபிஐ-யில் வரும் பணம் முழுவதுக்கும் வரி கட்ட வேண்டுமா?

மளிகைக் கடை நடத்தும் ஒருவரின் கேள்வி இது. பதில்: இல்லை. கணக்கில் வரும் பணம் விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை. வருமான வரி லாபத்துக்குத்தான்.

2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு சின்ன வியாபாரிகளுக்குப் பெரிய உதவி. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், யூபிஐ, வங்கி வழியாக வந்ததில் 6%, ரொக்கத்தில் 8% லாபம் என்று காட்டினால் போதும். விரிவான கணக்குப் புத்தகம், தணிக்கை எதுவும் வேண்டாம்.

2025-26 நிதியாண்டில் உங்கள் விற்பனை 60 லட்சம் என்று வையுங்கள். யூபிஐ-யில் 35 லட்சம்: லாபம் 2.10 லட்சம். ரொக்கம் 25 லட்சம்: லாபம் 2 லட்சம். மொத்தம் 4.10 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆனால் அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டியதால் ஐடிஆர்-4 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். உண்மையான லாபம் இதைவிடக் கூடுதல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். 6%, 8% என்பது குறைந்தபட்சம்.

அப்புறம், எல்லாரும் கோட்டை விடும் இடம் ஜிஎஸ்டி. அங்கே லாபத்தைப் பார்க்க மாட்டார்கள், விற்றுமுதலைத்தான் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். வரியில்லாத பொருள் விற்பனையும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே 60 லட்சம் விற்கும் உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால், வரிக்குரிய விற்பனையில் 1% கட்டினால் போதும், ஆனால் அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. பதிவைத் தள்ளிப்போடாதீர்கள், பின்னால் அபராதமும் வட்டியும் சேர்ந்து வரும்.