ஓட்டுப் போடுபவரே போட்டியாளராக இருந்தால்?

கேள்வி: எங்கள் புகைப்படக் குழுவில் மாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். படம் அனுப்பிய உறுப்பினர்களே மற்றவர்களின் படங்களுக்கு 1 முதல் 10 வரை மார்க் போட வேண்டும். சராசரி அதிகம் வாங்கிய படத்துக்கு முதல் இடம். போன மாதத் தலைப்பு 'தனிமை'. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு காலி நாற்காலி, அதன் கைப்பிடியில் சாய்த்து வைத்த ஊன்றுகோல். இதுதான் என் படம். 5.4 கிடைத்தது. முதல் இடம், கடலில் சூரியன் மறையும் ஒரு படத்துக்குப் போனது. அழகான படம்தான். ஆனால் அதில் தனிமை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. என் படத்துக்கு இரண்டு பேர் 1 போட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. சில நண்பர்கள் பேசி வைத்துக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். போட்டியிடுபவர்களே மார்க் போடுவது நியாயமா? நானும் நல்ல படங்களுக்குக் குறைத்துப் போடலாமா, இல்லை குழுவிலிருந்து விலகிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். குறைத்துப் போடாதீர்கள். நல்ல படம் என்று மனசுக்குத் தெரிந்தே 3 போடும் பழக்கம் வந்துவிட்டால், முதலில் கெடுவது உங்கள் பார்வைதான். அடுத்தவர் படத்தில் என்ன நன்றாக இருக்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, எங்கே மார்க்கைக் குறைக்கலாம் என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் அந்தக் குழுவில் இருந்து நீங்கள் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. விலகவும் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அங்கே நடந்ததில் பாதிக்கு மேல் விதிகளில் உள்ள ஓட்டைகளால் நடந்தது. அவற்றை அடைக்க முடியும்.

அந்த இரண்டு 1 மார்க்குகளைப் பார்ப்போம். உங்கள் படத்துக்கு 20 பேர் மார்க் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5.4 என்றால் மொத்தம் 108. அந்த இரண்டு 1-ஐ எடுத்துவிட்டால் 18 பேர் சேர்ந்து 106 கொடுத்திருக்கிறார்கள். சராசரி கிட்டத்தட்ட 5.9. ஆக, இரண்டே பேர் உங்கள் படத்தை அரை மார்க் கீழே இழுத்துவிட்டார்கள். 200 பேர் ஓட்டுப் போடும் போட்டியாக இருந்தால் அதே இரண்டு பேரால் 0.05 அளவுக்குத்தான் அசைக்க முடியும். சின்னக் குழுக்களில் முதல் இடத்துக்கும் நாலாவது இடத்துக்கும் இடையே பெரும்பாலும் அரை மார்க்கூட இருப்பதில்லை. அதனால்தான் அங்கே சராசரி ஆபத்தான கணக்கு.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஒரு கால்நடைக் கண்காட்சியில், ஒரு மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை இருக்கும் என்று மக்கள் தனித்தனிச் சீட்டில் எழுதிப் போட்டார்கள். அந்த 787 சீட்டுகளை ஆராய்ந்து பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1907-ல் எழுதினார். மதிப்பீடுகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தபோது 1,207 பவுண்டு வந்தது. உண்மை எடை 1,198. கால்டன் சராசரியை ஏன் விரும்பவில்லை என்றால், அதில் யார் எவ்வளவு விபரீதமாக மதிப்பிடுகிறாரோ அவருக்கு அவ்வளவு அதிகாரம் கிடைத்துவிடுகிறது. உங்கள் குழுவில் நியாயமாக 6 போட்டவரைவிட, 1 போட்டவரின் ஓட்டுக்குத்தான் கனம் அதிகம்.

நடு மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்றால், 20 பேர் முழு எண்களில் மார்க் போடும் இடத்தில் பாதிப் படங்கள் 6-லும் 7-லும் வந்து சமமாக நின்றுவிடும். ஆகவே உங்கள் அளவுக் குழுவுக்கு, ஒவ்வொரு படத்துக்கும் வந்த மார்க்குகளில் மிக அதிகமான இரண்டையும் மிகக் குறைந்த இரண்டையும் நீக்கிவிட்டு, மீதிக்குச் சராசரி போடுவது நல்லது. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங் தீர்ப்பு பெரும் சர்ச்சையானது. அதற்குப் பிறகு 2004-ல் கொண்டுவந்த புதிய மதிப்பெண் முறையில், உச்ச மார்க்கையும் அடிமட்ட மார்க்கையும் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். நண்பருக்காகப் போட்ட 10, எதிரிக்காகப் போட்ட 1, இரண்டும் இதில் அடிபட்டுப் போகும். யார் எந்த எண்ணத்தில் போட்டார் என்று விசாரிக்கவே தேவையில்லை. எனக்கு இந்த முறை பிடிப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். விசாரணை ஆரம்பித்த குழு ரொம்ப நாள் நிலைக்காது.

ஆனால் ஒன்று. அந்த 1 மார்க்குகள் வஞ்சகமாகப் போட்டவை என்று நீங்கள் முடிவு கட்டியது போலத் தெரிகிறது. 'இது தலைப்புக்கே சேராத படம், அதனால் 1' என்று ஒருவர் உண்மையாகவே நினைத்துப் போட்டிருக்கலாம். தலைப்புப் போட்டிகளில் உள்ள பெரிய சிக்கலே இதுதான். ஒருவர் வெளிச்சத்துக்கும் ஃப்ரேமுக்கும் மார்க் போடுகிறார். இன்னொருவர் தலைப்புக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறார். மூன்றாமவர் எடுப்பதற்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்க்கிறார். மூன்றையும் ஒரே எண்ணில் கொட்டிக் கலக்கினால், அந்த எண் எதைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. சூரியன் மறையும் படம் ஜெயித்ததில் சதி எதுவும் இருக்க வேண்டியதில்லை. வானத்தின் நிறத்தைப் பார்த்ததும் கை தானாக 8-க்குப் போகிறது. 'தனிமை' என்ற சொல்லை அந்த நொடியில் யாரும் நினைப்பதில்லை.

இதற்கு ஒரு எளிய வழி, தலைப்புக்குத் தனியாக 5 மார்க், படத்துக்குத் தனியாக 10 மார்க் என்று பிரித்துவிடுவது. ஓட்டுப் போடுபவர் 'இதில் தனிமை இருக்கிறதா' என்று ஒரு தடவையாவது தன்னைக் கேட்டுக்கொள்ளக் கட்டாயம் வந்துவிடும். 'சிவப்பு', 'நிழல்' போன்ற தலைப்புகளில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. 'தனிமை', 'காத்திருப்பு' மாதிரித் தலைப்புகளில்தான் இதன் அருமை தெரியும். படத்தோடு ஒரு வரி விளக்கமும் அனுப்பலாமே என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர் ஜெயித்துவிடுவார்.

உங்கள் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். காலி நாற்காலியும் ஊன்றுகோலும் சேர்ந்தால் பலருக்கு முதலில் தோன்றுவது முதுமை. சிலருக்கு, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இப்போது இல்லை என்று தோன்றும். எடுத்த உங்களுக்கு அது தனிமைதான், சந்தேகமில்லை. ஏனென்றால் தலைப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் கேமராவையே கையில் எடுத்தீர்கள். பார்ப்பவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார். போட்டிக்குச் சம்பந்தமில்லாத மூன்று நான்கு பேரிடம் தலைப்பைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டி, மனதில் என்ன வார்த்தை வருகிறது என்று கேளுங்கள். யாருமே 'தனிமை' என்றோ அதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு சொல்லையோ சொல்லவில்லை என்றால், 5.4-ல் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று அர்த்தம்.

நண்பர்கள் பேசி வைத்து ஓட்டுப் போடுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு வருவோம். பெயரை மறைத்தாலும் சின்னக் குழுவில் யார் படம் என்று ஓரளவு தெரிந்துவிடும். ஒருவர் எப்போதும் கறுப்பு வெள்ளைதான் அனுப்புவார், இன்னொருவர் எடிட்டிங்கில் நிறத்தை ஏற்றிவிடுவார். இதை முழுசாகத் தடுக்க முடியாது. ஆனாலும் ஓட்டு முடியும்வரை படத்தை வேறு எங்கும் பகிரக் கூடாது என்ற விதி நிறைய உதவும். அதைவிட முக்கியமானது: படம் அனுப்பிய ஒவ்வொருவரும் தன் படத்தைத் தவிர மற்ற எல்லாப் படங்களுக்கும் மார்க் போட வேண்டும், ஒன்று விட்டாலும் அவர் போட்ட மொத்தமும் செல்லாது. நண்பர்களுடைய படங்களுக்கு மட்டும் 10 போட்டுவிட்டுப் போகும் வழி இதில் அடைபடுகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. சிலர் இயல்பிலேயே கறார், நல்ல படத்துக்கும் 6-தான். சிலர் எல்லோருக்கும் 8. எல்லாருமே எல்லாப் படங்களுக்கும் மார்க் போட்டால் இந்தக் குணபேதத்தால் யாருக்கும் தனிப்பட்ட நஷ்டம் இல்லை. கறாரானவர் பாதிப் படங்களோடு நிறுத்திக்கொண்டால்தான், அந்தப் பாதியில் மாட்டிய படங்கள் பாவம்.

இன்னும் இரண்டு விஷயங்களை ஒருங்கிணைப்பாளர் கவனித்தால் போதும். ஓட்டு நடக்கும்போது இதுவரை யார் முன்னால் இருக்கிறார் என்று காட்டக் கூடாது. 2006-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், முன்பின் கேட்டிராத பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று தெரிந்த குழுக்களில், ஜெயித்த பாடல்கள் மேலும் பெரிதாக ஜெயித்தன. எது ஜெயிக்கும் என்று கணிப்பதும் கடினமானது. கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நாமும் போய் நிற்கிறோம். கால்டனின் சீட்டுகளுக்கு மதிப்பு இருந்ததற்கு ஒரு காரணம், ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது என்பது.

மற்றொன்று படங்களின் வரிசை. பிரசல்ஸில் நடக்கும் குயின் எலிசபெத் இசைப் போட்டியில் யார் எப்போது வாசிப்பது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். அதன் முடிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 1996-ல் வந்தது. முதலில் வாசித்தவர்களுக்கு மேல் இடங்கள் கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. இத்தனைக்கும் அங்கே மார்க் போடுபவர்கள் தேர்ந்த இசைக் கலைஞர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், வேலை முடிந்து வந்து இரவில் போனில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்களைத் தள்ளிப் பார்க்கும் நம்மை என்ன சொல்வது! ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசையில் காட்டட்டும். படத்தைப் பெரிதாகத் திறந்து பார்த்தபின்தான் மார்க் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளட்டும். கட்டைவிரல் அளவில் பார்த்தால் ஆரஞ்சு வானம்தான் ஜெயிக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் ஊன்றுகோலின் நிழல் நாற்காலியில் எப்படி விழுகிறது என்பதெல்லாம் அந்த அளவில் கண்ணில் படாது.

இவ்வளவும் செய்தாலும் மார்க் முறையில் ஒரு குறை தங்கிவிடும். எனக்கு அதுதான் அதிக வருத்தம் தருவது. 10 பேர் 9 போட்டு, 10 பேர் 3 போட்ட படத்துக்குச் சராசரி 6. எல்லோரும் 6 அல்லது 7 போட்டு, அடுத்த நாளே மறந்துவிடும் படத்துக்கு 6.5. துணிந்து எடுத்த படம் தோற்று, யாரையும் உறுத்தாத படம் ஜெயிக்கிறது. மாதா மாதம் இப்படி நடந்தால் எல்லோரும் உறுத்தாத படங்களையே எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அது நியாயம், அநியாயம் என்பதைவிடப் பெரிய இழப்பு.

அதனால் சில மாதங்களில் மார்க்கே வேண்டாம் என்று வைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த மூன்று படங்களைச் சொல்லட்டும். முதலாவதுக்கு 3 புள்ளி, அடுத்ததுக்கு 2, மூன்றாவதுக்கு 1. இதில் யாரும் யாருக்கும் 1 மார்க் போட்டுக் கீழே தள்ள முடியாது, அதிகம் போனால் பெயரைச் சொல்லாமல் விடலாம், அவ்வளவுதான். அந்த 10 பேரின் 9 இங்கே புள்ளிகளாக மாறும். இதிலும் நண்பர் கூட்டம் புகுந்து விளையாடலாம், இல்லையென்று சொல்லவில்லை. வரிசைப்படுத்திப் புள்ளி கொடுக்கும் முறையை 1770-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்த கணித அறிஞர் போர்டாவே, அது நேர்மையானவர்களுக்கான முறை என்றுதான் சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே ஆளிடம் முடிவை ஒப்படைக்காத எந்த வரிசை ஓட்டு முறையிலும், பொய்யாக ஓட்டுப் போட்டு லாபம் பார்க்கும் சந்தர்ப்பம் எப்போதாவது வந்தே தீரும் என்று 1970-களில் கிப்பர்ட், சாட்டர்த்வைட் என்ற இரண்டு அறிஞர்கள் தனித்தனியே கணித ரீதியாக நிரூபித்துவிட்டார்கள். எனவே எந்த விதமாகவும் ஏமாற்ற முடியாத விதியைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏமாற்றினால் பெரிதாக எதுவும் கிடைக்காத விதி போதும்.

வெளியிலிருந்து ஒரு நடுவரை அழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் குழுவில் சிலர் சொல்லக்கூடும். அது ஒருவரின் ரசனை, அவ்வளவுதான். போட்டியாளர் என்ற சுயநலம் அவருக்கு இல்லை என்பது மட்டுமே கூடுதல் நன்மை. அழைத்தால் அவர் தேர்வைத் தனியாகவும் உறுப்பினர்கள் தேர்வைத் தனியாகவும் அறிவியுங்கள். இரண்டையும் கூட்டி ஒரு எண்ணாக்க வேண்டாம். இரண்டும் வேறுபடும் மாதங்களில்தான் குழுவில் நல்ல பேச்சு நடக்கும்.

சரி, இதையெல்லாம் எப்படிக் கேட்பது? உங்கள் படத்தை உதாரணமாகக் காட்டிக் கேட்காதீர்கள். கேட்பது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், தோற்றவர் புலம்புகிறார் என்றுதான் காதில் விழும். ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகப் பேசுங்கள். கணக்குப் போட்டுத் தர நான் உதவுகிறேன், இரண்டு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியவை இரண்டுதான்: எல்லாரும் எல்லாப் படத்துக்கும் மார்க் போட வேண்டும், மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டிரண்டைக் கழிக்க வேண்டும். மற்றவை பிறகு மெல்ல வரட்டும். அப்படியே, ஒவ்வொரு படத்துக்கும் எந்த மார்க்கை எத்தனை பேர் போட்டார்கள் என்ற விவரத்தை, போட்டவர் பெயர் இல்லாமல் எல்லோருக்கும் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்தது வரிசையாக 5, 5, 6 என்று இருந்தால் படம் பார்ப்பவரைத் தொடவில்லை. அடுத்த தடவை வேறு கோணம் யோசியுங்கள். நாலைந்து 9-களும் நிறைய 3-களும் இருந்தால், அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள்.

அடுத்த தலைப்பை அறிவிப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். படங்கள் வந்து சேர்ந்தபின் விதியை மாற்றச் சொன்னால், யாருக்குச் சாதகமாக என்ற கேள்விதான் முதலில் எழும்.