சம்பள பாக்கிக்குக் கிடைத்த ஊர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போலந்தின் கிழக்கு எல்லையில் கிருஷினியானி என்ற சிற்றூரில், பச்சை வண்ணம் பூசிய ஒரு மரப் பள்ளிவாசலின் படத்தைப் பார்த்தேன். கத்தோலிக்க நாட்டில் இப்படி ஓர் ஊர் எப்படி வந்தது? துருக்கியப் படையெடுப்பில் வந்து தங்கிவிட்டவர்கள் என்கிறார் நண்பர். இன்றும் அவர்கள் அங்கே இருக்கிறார்களா?

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை, அவர்கள் போலந்து அரசரின் படையில் இருந்தவர்கள். லிப்கா தாத்தாரியர் என்று பெயர்; துருக்கிய இனத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியிலேயே பின்னாளில் போலந்தோடு ஒரே நாடாக இணைந்த லிதுவேனியாவை ஆண்ட விட்டவுட்டஸ் அவர்களின் முன்னோரைத் தன் நாட்டில் குடியமர்த்திவிட்டார். போர் வந்தால் குதிரையோடு வர வேண்டும். அதற்கு ஈடாக நிலமும், தங்கள் மார்க்கப்படி வாழும் உரிமையும். தலைமுறைகள் போகப்போகத் தாய்மொழி மறந்து பெலருஷிய மொழியும் போலிஷும் வீட்டு மொழிகளாகிவிட்டன. ஆனால் மத நூல்களில் அந்தப் பெலருஷிய மொழியையே அரபு எழுத்தில் எழுதி வைத்தார்கள். தொழுகையையும் விடவில்லை.

1672இல் இவர்களில் ஒரு பகுதியினர் துருக்கிய (ஓட்டோமான்) சுல்தான் பக்கம் போனது உண்மை. உங்கள் நண்பர் சொல்வதற்கு அதுகூட மூலமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்தவை வராத சம்பளமும் பறிபோன உரிமைகளும். கொஞ்ச காலத்திலேயே பலர் திரும்பி வந்தார்கள். அரசர் மூன்றாம் யான் சோபியெஸ்கியிடம் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் 1679இல் அரச பண்ணை நிலங்களைப் பிரித்து, பாக்கிக்கு ஈடாக வீரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். கிருஷினியானி, சாமுவேல் முர்சா கிஷெச்சோவ்ஸ்கி என்ற படைத்தலைவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் வந்தது. போஹோனிகி என்ற ஊரிலும் அதே வருடம் இப்படி நிலம் கிடைத்தது. இதை அரசரின் பெருந்தன்மை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. உழைத்தவர்களுக்கு வர வேண்டியது வந்தது, அவ்வளவுதான்.

நான்கே வருடம் கழித்து, 1683இல், வியன்னாவைக் காக்க சோபியெஸ்கி போனபோது இவர்களும் கூடப் போனார்கள். எதிரில் சுல்தானின் படையிலும் தாத்தாரியர். தங்கள் ஆள் யார் என்று அடையாளம் தெரிய, போலந்துத் தரப்புத் தாத்தாரியர் தலைக்கவசத்தில் வைக்கோல் செருகிக்கொண்டார்களாம்.

சரி, அந்தப் பள்ளிவாசலுக்கு வருவோம். முகப்பில் இரண்டு சதுரக் கோபுரங்களோடு, தூரத்தில் பார்த்தால் அந்தப் பக்கத்து மரத் தேவாலயம் மாதிரியே இருக்கும். உச்சியில் உள்ள பிறைதான் வித்தியாசம். உள்ளே பெண்களுக்குத் தனி அறை, சுவர்களில் சட்டமிட்ட குர்ஆன் வசனங்கள். பக்கத்தில் மரங்களுக்கு நடுவே அடக்கத்தலம். பழைய கற்களில் மேலே பிறையும் அரபு எழுத்தும், கீழே பெயர் ரஷ்ய மொழியிலோ போலிஷிலோ. ஆட்சி மாறியதெல்லாம் அந்தக் கற்களிலேயே தெரியும்.

இன்று ஊரில் தாத்தாரியக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். பலர் பியாவிஸ்தோக் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறார்கள். அப்புறம், பியெரெகாச்செவ்னிக் என்ற அவர்களுடைய பலகாரம் செய்வது நிற்கவில்லை. ஆறு மெல்லிய மாவுத் தகடுகளைக் கொழுப்புத் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறைச்சியை வைத்துச் சுருட்டி, நத்தை போல வளைத்து அடுப்பில் சுட்டெடுப்பார்கள். அங்கே போனால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

அன்புடன்