பழைய கார்களுக்கு ஸ்டெபிலைசர் கம்பி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தடித்த ஸ்டெபிலைசர் கம்பியைப் பொருத்தினால் வளைவுகளில் டயரின் பிடி கூடுமா?

கம்பி தானாகப் பிடியை உண்டாக்குவதில்லை. ஸ்வே பார், ஆன்டி-ரோல் பார், ஸ்டெபிலைசர் என எப்பெயரால் அழைத்தாலும், அது இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரு முறுக்கு வில்தான். கார் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதைக் காரின் எடை, எடை மையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவில் செல்லும் வேகம் ஆகியவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அந்த மொத்தத்தில் முன்பக்கத்தின் பங்கு எவ்வளவு, பின்பக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதையே கம்பி மாற்றுகிறது. டயரின் மீது பாரம் இரட்டிப்பானாலும் அதன் பிடி இரட்டிப்பாவதில்லை என்பதால், எந்த முனையில் பாரம் அதிகமாக இடம் மாறுகிறதோ அந்த முனை தன் பிடியில் ஒரு பகுதியை இழக்கிறது. முன் கம்பியைத் தடிப்பாக்கினால் காரின் மூக்கு வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். பின் கம்பியைத் தடிப்பாக்கினால் வால் வெளியே வீசப் பார்க்கும்.

அப்படியானால் முன் கம்பியைத் தடிப்பாக்கிய பின் பல பழைய கார்கள் நன்றாகத் திரும்புவது ஏன் என்று கேட்கலாம். அக்கார்களின் முன் சஸ்பென்ஷன், உடல் சாயும்போது வெளிப்பக்க டயரையும் தன்னோடு சாய்த்துவிடுகிறது. சாய்வு குறைந்தால் டயர் சாலையில் முழு அகலமும் படிந்து நிற்கிறது. இந்த ஆதாயம் முன்சொன்ன இழப்பைவிடப் பெரிதாக இருக்கும் வரையில்தான் தடித்த கம்பி நன்மை தரும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1965 ஃபோர்டு மஸ்டங். தொழிற்சாலைக் கம்பிக்குப் பதிலாக ஒரு அங்குலக் கம்பியைப் போடச் சொல்கிறார்கள். வித்தியாசம் கால் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். அதற்காகச் செலவு செய்வது தகுமா?

கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் அந்த வித்தியாசம் கணக்கில் மிகப் பெரியது. திடமான கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்கிறது. சாதாரண மாடலின் 11/16 அங்குலக் கம்பியோடு ஒப்பிட்டால், அதே வடிவமுள்ள ஒரு அங்குலக் கம்பி ஏறத்தாழ நாலரை மடங்கு விறைப்பானது. சக்கரத்தை நோக்கி வளைந்து வரும் கையின் நீளமும் முக்கியம்: கை குறுகினால் விறைப்பு ஏறத்தாழ நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் உயரும். எனவே விட்டத்தை மட்டும் பார்த்து இரண்டு கம்பிகளை ஒப்பிட வேண்டாம். உள்ளீடற்ற குழாய்க் கம்பியையும் அஞ்ச வேண்டியதில்லை. வெளிவிட்டம் 25 மி.மீ., உள்விட்டம் 17 மி.மீ. உள்ள குழாய், அதே வெளிவிட்டமுள்ள திடக் கம்பியின் எடையில் பாதியை ஒட்டியே இருந்தாலும், விறைப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தருகிறது.

ஒரு அங்குலக் கம்பிக்கு முன்மாதிரி, மஸ்டங்கின் பந்தய வடிவமான 1965-இன் ஷெல்பி ஜி.டி. 350. ஆனால் அந்தக் காரில் கம்பி தனியாக வரவில்லை. முன் சஸ்பென்ஷனின் மேல் கையை (சக்கரத்தை மேற்பக்கத்தில் பிடிக்கும் இணைப்பை) சட்டத்தில் சுமார் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பொருத்தினார்கள். கோனி ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்தார்கள். மேல் கையை இறக்கியதால், கார் சாயும்போது வெளிப்பக்க டயர் நிமிர்ந்து நிற்கும் திறன் கூடியது. அதைச் செய்யாமல் கம்பியை மட்டும் மாற்றுபவருக்கு அந்த மாற்றத்தின் பாதிப் பலனே கிடைக்கும். செலவுக்கு வரிசை கேட்டால், முதலில் நல்ல டயர், தேய்ந்த புஷ்களுக்கு (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறைகளுக்கு) மாற்று, ஷாக் அப்சார்பர். அடுத்து மேல் கையின் இடமாற்றம். அதன் பிறகே கம்பி என்பேன்.

கேள்வி: 1975-ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் கம்பியே இல்லை. பின்பக்கக் கம்பி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை மட்டும் பொருத்தலாமா?

தயவுசெய்து பொருத்தாதீர்கள். அமெரிக்காவின் பம்பர், விளக்கு உயர விதிகளுக்காக 1974-இன் இறுதியில் இந்தக் காருக்குக் கனமான ரப்பர் பம்பர்கள் வந்தன; உடலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் உயர்த்தப்பட்டது. எடை மையம் மேலேறிய அதே வேளையில், செலவைக் குறைப்பதற்காக முன் கம்பியை நீக்கிவிட்டார்கள். எந்தக் காருக்குக் கம்பி மிகவும் தேவைப்பட்டதோ அதிலிருந்தே அதை எடுத்தது, அந்தக் காலத்தின் வருந்தத்தக்க முடிவுகளில் ஒன்று. 1977 மாடலில் முன்பக்கத்தில் கம்பி திரும்பி வந்தது. பின்பக்கத்திலும் ஒன்று சேர்க்கப்பட்டது. தயாரிப்பாளரே தன் தவறைத் திருத்திய முறை அது என்பதால், உங்களுக்கும் அதுவே வழி.

முன்பக்கம் வெறுமையாக இருக்கும்போது பின்பக்கத்தில் மட்டும் கம்பியைச் சேர்த்தால், இடம் மாறும் பாரத்தில் பெரும் பங்கைப் பின் டயர்களே சுமக்க நேரிடும். ஈரச் சாலையில் வால் முன்னறிவிப்பின்றி வெளியேறும். கூர்மையான வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் லேசாகி, சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் இன்ஜின் விசையைப் பகிரும் பற்சக்கரப் பெட்டி) உள்ள கார் அச்சக்கரத்தை வீணே சுழற்றும். மாறாக, முன் கம்பி பின்சக்கரங்களைச் சாலையில் பதித்து வைக்க உதவுகிறது. முதலில் முன் கம்பியைப் பொருத்தி, இயன்றால் உயரத்தையும் பழைய அளவுக்கு இறக்குங்கள். அதற்குப் பிறகும் மூக்கு தள்ளினால் மட்டும் மெல்லிய பின் கம்பியை யோசிக்கலாம். இன்னொன்று: இந்தக் காரில் முன்பக்க ஷாக் அப்சார்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கை. அதில் ஆட்டமோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் எந்தக் கம்பியும் அதை மறைத்துவிடாது.

கேள்வி: சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் வீட்டில் உள்ளது. வளைவில் பின்பக்கம் தூக்குவதுபோல் இருக்கிறது. பின்னால் ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகுமா?

நோயை நீங்கள் சரியாகக் கண்டிருக்கிறீர்கள். ஆனால் மருந்து எதிரானது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் முறையில், டிஃபரன்ஷியலை ஒட்டிய மூட்டிலிருந்து சிறகைப்போல் மேலும் கீழும் அசைகின்றன. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க டயரின் பக்கவிசை அந்த ஆக்சிலை நெம்புகோலாக்கி உடலை மேலே தூக்குகிறது. சக்கரம் காருக்கு அடியில் மடங்கத் தொடங்கியதும் பிடி திடீரெனக் குறைகிறது. பின்பக்கத்தின் சாய்வு விறைப்பை, அதாவது உடல் சாய்வதை எதிர்க்கும் வலுவைக் கூட்டினால் வெளிப்பக்கச் சக்கரத்தின் சுமை மேலும் ஏறி, இந்தத் தூக்கல் மோசமாகும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் 1970 மார்க் 4 மாடலில் பொறியாளர்கள் செய்ததைப் பாருங்கள். பின்பக்கத்தில் குறுக்காக உள்ள பட்டை வில்லின் (லீஃப் ஸ்பிரிங்) பெரும்பாலான பட்டைகளை நடுவில் அசையும்படி விட்டு, பின்பக்கத்தின் சாய்வு விறைப்பை வெகுவாகக் குறைத்தார்கள். இழந்த விறைப்பை ஈடுசெய்ய முன் கம்பியைத் தடிப்பாக்கினார்கள். எனவே உங்கள் கவனம் முன்பக்கத்தில் இருக்கட்டும்: ஏற்கெனவே உள்ள முன் கம்பியின் புஷ்களும், கம்பியின் முனைகளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்குகளும் இற்றுப்போயிருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். பின் வில்லையும் பாருங்கள். தொய்ந்த வில்லைப் பட்டறையில் அதிகமாக வளைத்து உயர்த்தியிருந்தால், நிற்கும்போதே பின்சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். பின்பக்கம் தூக்குவதற்கு அதுவே பாதிக் காரணமாக இருப்பதை நான் பல கார்களில் கண்டிருக்கிறேன். டயர் காற்றழுத்தத்தைக் கையேட்டில் உள்ளபடி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் கூடுதலாகவே வையுங்கள்.

கேள்வி: பிரேக் போடும்போது கார் முன்னால் குனிவதைக் கம்பி தடுக்குமா?

தடுக்காது. குனியும்போது இரு முன்சக்கரங்களும் ஒன்றாக அசைகின்றன. கம்பி முறுக்கப்படாமல் தன் புஷ்களுக்குள் வெறுமனே திரும்புகிறது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பாருங்கள்.

கேள்வி: பாலியூரித்தேன் புஷ்களோடு புதிய கம்பி போட்டேன். கிறீச்சிடுகிறது; கார் சற்று ஒரு பக்கம் தாழ்ந்தும் நிற்கிறது. கம்பி கோணலாக வந்துவிட்டதா?

பெரும்பாலும் பொருத்திய விதத்தில்தான் குறை இருக்கும். லிங்குகளைக் கழற்றிவிட்டு, பிராக்கெட்டுகள் முறுக்கிய நிலையில் கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். எளிதாகத் திரும்பவில்லை என்றால் புஷ் இறுகியிருக்கிறது, அல்லது பிராக்கெட் நேராக உட்காரவில்லை. பாலியூரித்தேனுக்குச் சிலிகான் கிரீஸ் இடவேண்டும். கம்பி பக்கவாட்டில் நகராமல் இருக்கக் காலர்கள் (கம்பியைச் சுற்றி இறுக்கும் வளையங்கள்) உள்ளனவா என்றும் பாருங்கள்.

லிங்குகளைத் திரும்ப மாட்டும்போது காரைச் சமதரையில், நான்கு சக்கரங்களிலும் அதன் எடை இறங்கிய நிலையில் நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை இணைத்த பிறகு, மறுபக்கத்தின் போல்ட் இழுக்காமலும் அழுத்தாமலும் தானாகத் துளைக்குள் போகவேண்டும். போகவில்லை என்றால் நீளத்தைச் சரிசெய்யக்கூடிய லிங்கைப் பயன்படுத்துங்கள். வலிந்து மாட்டினால் கம்பி நிற்கும்போதே முறுக்கேறி, ஒரு பக்கத்தைத் தாழ்த்தி, இடப்பக்க வளைவில் ஒருவிதமாகவும் வலப்பக்க வளைவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். கடைசியாக, ஸ்டியரிங்கை இரு எல்லைகளுக்கும் திருப்பி டயர் கம்பியில் உரசுகிறதா என்று பாருங்கள். பிராக்கெட் பிடித்துள்ள தகட்டில் துருவோ விரிசலோ இருந்தால், காரை ஓட்டுவதற்கு முன்பே அங்கே வலுத்தகடு வைத்துப் பற்றவைத்துவிடுங்கள்.