கொடையாளரின் தாயாரிடம் பேச ஓர் ஆள் வேண்டும்

கேள்வி: திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது லண்டன் ஹாரோவில் மகனுடன் இருக்கிறேன். வயது 64. இங்குள்ள கோயில் மண்டபத்தில், இரத்தப் புற்றுநோயாளிகளுக்காக ஸ்டெம் செல் (இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) கொடையாளர் பதிவு முகாம் நடத்துகிறார்கள். தன்னார்வலர்களும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், பதிவு செய்ய வரும் பிள்ளைகளும் ஆங்கிலத்திலேயே படித்துக் கையெழுத்திடுகிறார்கள். தமிழ் மட்டுமே சரளமாக வரும் என்னால் அங்கே என்ன பயன்?
- ஒரு வாசகி, ஹாரோ

பதில்: அம்மா, கொடையாளராகச் சேரும் வயதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். 1974-இல் தொடங்கிய அந்தோனி நோலன் பதிவேடு 16 முதல் 30 வயது வரையிலானவர்களையே புதிதாகச் சேர்க்கிறது, டி.கே.எம்.எஸ். என்ற மற்றொரு பதிவேடு 55 வயது வரை ஏற்கிறது. ஆனால் முகாமில் மிக முக்கியமான வேலையைச் செய்யத் தகுதி உள்ளவர் நீங்கள்தான் என்பேன்.

பதிவு செய்வது எளிது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். அப்படிக் கொடுத்த பிள்ளைக்குச் சில ஆண்டுகள் கழித்து, "ஒரு நோயாளியுடன் உங்கள் திசுவகை பொருந்துகிறது, வர முடியுமா?" என்று தொலைபேசி வரும்போதுதான் உண்மையான முடிவு எடுக்கப்படுகிறது. நம் வீடுகளில் அந்த முடிவு முகாம் மேசையில் எடுக்கப்படுவதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, தமிழில், தாயாரின் முகத்தைப் பார்த்து எடுக்கப்படுகிறது. "முதுகெலும்பில் ஊசி போடுவார்களாமே, நாளைக்கு நடக்க முடியாமல் போனால்?" என்று அவர் கேட்டுவிட்டால், ஆங்கிலத் துண்டறிக்கையால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இந்த அச்சத்தில் பாதி, சொற்குழப்பத்தால் வருவது. எலும்பு மஜ்ஜை வேறு, தண்டுவடம் வேறு. மஜ்ஜை எலும்பின் உள்ளே இரத்த அணுக்களை உருவாக்கும் மென்மையான பொருள். தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுதி. கொடையில் தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை. பத்தில் ஒன்பது பேர் அளவில், மஜ்ஜையையே எடுக்காமல் இரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்: நான்கு நாட்கள் தோலுக்கடியில் ஊசி போட்டு அவற்றை இரத்தத்தில் பெருக வைத்து, ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து வரும் இரத்தத்தை இயந்திரத்தில் செலுத்தி, தேவையானதை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை மறு கை வழியே திருப்பிவிடுவார்கள். இதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு மறுநாளும் வர வேண்டியிருக்கும். எஞ்சிய சிலரிடம்தான் இடுப்பெலும்பின் பின்பகுதியிலிருந்து, முழு மயக்கத்தில், மஜ்ஜை எடுக்கப்படும். எடுத்த அளவைச் சில வாரங்களில் உடல் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். வலியே இருக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஊசிகளால் எலும்பு வலியும் தலைவலியும் வரும், பாராசிட்டமால் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். மஜ்ஜை எடுத்தவருக்கு இடுப்பு சில நாள் கனத்து வலிக்கும். பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படுமோ என்றும் தாய்மார் கேட்பார்கள், சற்றுத் தயங்கித்தான் கேட்பார்கள். பாதிக்காது என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு விவரம் எதற்கு என்றால், பின்வாங்குவதன் விளைவு கடுமையானது. ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு முன் நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடும் மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிடுவார்கள். அதன் பிறகு கொடையாளர் மறுத்தால் நோயாளி உயிருக்கே ஆபத்து. எந்தக் கட்டத்திலும் மறுக்கும் உரிமை கொடையாளருக்கு உண்டு. ஆகவே மறுக்கப் போகிறவர் முகாமிலேயே மறுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. நானும் ஒரு திருவிழா நாளில், பிரசாத வரிசையில் நின்றவர்களையெல்லாம் இழுத்துவந்து பஞ்சுக்குச்சி கொடுத்து, எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்பட்டவன்தான். பிறகு அவர்களுள் சிலரைப் பதிவேட்டுக்காரர்கள் தொடர்புகொள்ள முயன்றபோது, எண் மாறியிருந்தது, அல்லது "அது விளையாட்டாகக் கொடுத்தது" என்ற பதில் வந்தது. இப்போதெல்லாம் துண்டறிக்கையை வீட்டுக்கு எடுத்துப்போய், பேசிவிட்டு, அடுத்த வாரம் வரச் சொல்கிறேன். பாதிப் பேர் வருவதில்லை. வருபவர்கள் உறுதியாக நிற்பார்கள் என்று நம்பலாம்.

நம்மவர்களை ஏன் இவ்வளவு தேட வேண்டும் என்றும் உங்களைக் கேட்பார்கள். திசுவகை பெற்றோரிடமிருந்து வருவது. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. அது இல்லையெனில் ஒரே மூதாதையர் மரபில் வந்த அந்நியர்களிடம்தான் தேட வேண்டும். பிரித்தானியப் பதிவேடுகளில் தெற்காசியர் குறைவு. செல்களைக் குளிர்பெட்டியில் வைத்து நாடு விட்டு நாடு கையோடு கொண்டுசெல்ல முடியும் என்பதால், ஹாரோவில் சேரும் ஒரு பிள்ளை டொரன்டோவிலோ சென்னையிலோ இருக்கும் நோயாளிக்கும் உதவக்கூடும்.

முகாம் நடத்துபவர்களிடம் தாய்மாருக்கென ஒரு நாற்காலியும் தமிழ்த் துண்டறிக்கையும் கேளுங்கள். துண்டறிக்கையை எழுதும் பொறுப்பையும் ஆசிரியையான நீங்களே ஏற்கலாம். அச்சுக்குப் போகும் முன் பதிவேட்டின் மருத்துவப் பிரிவு சரிபார்க்கட்டும்.

கேள்வி: லெஸ்டரில் மாணவர் விசாவில் முதுகலை படிக்கிறேன். இத்தகைய முகாம்களில் உதவலாமா? அடுத்த ஆண்டு கோயம்புத்தூர் திரும்பிவிடுவேன். நானும் கொடையாளராகச் சேரலாமா?
- ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: ஓர் அறநிறுவனத்துக்கு, ஒப்பந்தம் எதுவுமின்றி, சம்பளப் பணியாளர் ஒருவரின் இடத்தை நிரப்பாமல் உதவுவது மாணவர் விசாவில் தடையில்லை. இன்ன நாள், இத்தனை மணி வந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஏற்பாடானால், ஊதியம் இல்லாவிட்டாலும் அது வேலையாகவே கருதப்பட்டு, பாடக்கால வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்புக்குள் சேரும். உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்வதைப் பொறுத்தவரை, ஓராண்டில் கிளம்புபவர் ஊர் திரும்பிய பின் சேர்வதே மேல். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி பதிவேடு 2009 முதல் இயங்குகிறது. ஏற்கெனவே இங்கே சேர்ந்திருந்தால், கிளம்பும் முன் முகவரி மாறுவதைத் தெரிவித்துவிடுங்கள்; அழைப்பு வரும் நாளில் நீங்கள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.