டார்வின் வீடும் நம் வீடுகளும்

அன்புள்ள ஐயா,

லண்டனில் மகள் வீட்டுக்குப் போனபோது, சார்லஸ் டார்வின் 40 ஆண்டு வாழ்ந்த 'டவுன் ஹவுஸ்' (Down House) என்ற வீட்டைப் பார்த்தோம். எங்கள் கானாடுகாத்தான் வீட்டு முகப்பின் அழகில் கால்வாசிகூட அங்கே இல்லை. அதைக் கண்ணாய்க் காக்கிறார்கள். எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. மனசு கேட்கவில்லை.

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள ஆச்சி,

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அது அழகான வீடு என்று டார்வினே நினைக்கவில்லை. 1842-இல் குடிபோகும் முன்பே, பார்க்க லட்சணமில்லாத வீடு என்று தங்கைக்கு எழுதியிருக்கிறார்.

தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தீர்களா? எனக்கு அந்த இடத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மூன்றடி நீளம், இரண்டடி அகலத்தில் நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு, தானாக முளைத்த ஒவ்வொரு களைச்செடிக்கும் அடையாளம் வைத்தார். முளைத்தவை 357. அதில் 295 செத்துப்போயின, பெரும்பாலும் ஓடில்லாத நத்தைகளும் பூச்சிகளும் தின்று. பிழைப்பதற்கான போராட்டம் என்று உலகத்துக்கு அவர் சொன்னதற்கு இந்தத் துண்டு நிலமும் ஒரு சாட்சி. 1859-இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தில் இந்தக் கணக்கை அப்படியே எழுதியிருக்கிறார். வெறும் களையை இவ்வளவு பொறுமையாக எண்ணிய மனிதரை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

புல்வெளியில் வட்டமாக ஒரு கல்லும் உண்டு. மண்புழுக்கள் கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து போடப் போட, மேலே கிடக்கும் கல் மெல்ல இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க அவர் மகன் ஹொரேஸ் ஒரு கருவி செய்தார். மண்புழுத் தொட்டியை பியானோமேல் வைத்து, சுரம் அடித்தால் அதிர்வுக்குப் புழு வளைக்குள் போகிறதா என்றும் பார்த்தார்கள். போனது! வீடே சேர்ந்து செய்த வேலை அது.

அப்புறம், அந்த வீடும் எப்போதும் இப்படி இருந்ததில்லை, ஆச்சி. குடும்பம் போன பிறகு வாடகைக்குப் போய், பெண்கள் பள்ளிக்கூடமாகக்கூட இருந்தது. 1929-இல்தான் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். அவருடைய பழைய சாமான்களைக் குடும்பத்தார் வைத்திருந்து திருப்பிக் கொடுத்ததால்தான் அந்தப் படிப்பறை மறுபடி அவருடைய அறையானது.

நம் பக்கத்தில் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் காட்டிப் பெருமைப்படுகிறோம். ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் உட்கார்ந்து எழுதிய பேரேடுகளும் கடிதங்களும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அந்த வீடுகளைக் கட்டியதே அந்த உழைப்புதானே!

அடுத்த படைப்புக்கு, முன்னோரைக் கும்பிட, வீடு திறக்கும்போது அவற்றை எடுத்து, கரையான் ஏறாத பெட்டியில் வையுங்கள். யார் எழுதியது, எந்த ஊர்க் கடை என்று சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள்.