பதினொன்றாம் வகுப்பில் உலக வரலாறு: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா.

பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மார்க் வாங்கிய உங்கள் மகள் பிடிவாதமாக ஹியூமானிட்டிஸ் எடுத்துவிட்டாள், முதல் டெஸ்டில் வரலாற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்திருக்கிறது, "இவ்வளவு படிக்கிற பொண்ணுக்கு ஹிஸ்டரியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், "இந்தப் பாடத்தில் அவளிடம் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். குரூப்பை மாற்றலாமா என்று கேட்கும் பெற்றோரே அதிகம். நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி.

அந்த மார்க்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பத்தாவது வரை சமூக அறிவியலில் வரலாறு நாலில் ஒரு பங்கு. பாயிண்ட் பாயிண்டாக மனப்பாடம் செய்தால் போதும். சிபிஎஸ்இ பதினொன்றாவதில் வருடம் முழுவதும் உலக வரலாறுதான். மெசபடோமியாவின் களிமண் பலகைகளில் தொடங்கி ரோமானியப் பேரரசு, மங்கோலியர், நிலப்பிரபுத்துவ ஐரோப்பா, மறுமலர்ச்சி, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிகள் நிலம் இழந்த கதை, கடைசியில் ஜப்பானும் சீனாவும் நவீன நாடுகளான விதம் வரை போகிறது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவுமே பழகியதாக இருக்காது. முதல் டெஸ்டில் தடுமாறாத பிள்ளைகள் குறைவு.

அடுத்தது, விடை எழுதும் விதம். எழுத்துத் தேர்வு 80 மார்க், பிராஜெக்ட் 20. அந்த 80-இல் ஒரு மார்க் கேள்விகளை விட்டால், 3 மார்க், 8 மார்க் விடைகளும், ஒரு பத்தியைக் கொடுத்து அதை வைத்துக் கேட்கும் கேள்விகளும், வரைபடமும் இருக்கும். மார்க் போவது பெரும்பாலும் 8 மார்க் கேள்வியில்தான்.

மங்கோலியர் ஏன் அவ்வளவு பெரிய பேரரசைக் கட்ட முடிந்தது என்று ஒரு கேள்வி என்று வையுங்கள். 1206-இல் மங்கோலியத் தலைவர் 'செங்கிஸ்கான்' என்ற பட்டத்தைப் பெற்றார், 1220-இல் மத்திய ஆசிய நகரமான புகாரா அவரிடம் வீழ்ந்தது, 1227-இல் அவர் இறந்தார் என்று ஒரு மாணவி எழுதுகிறாள். எல்லாமே சரி, ஆனால் 'ஏன்' என்பதற்கு இதில் பதில் இல்லை. இன்னொருத்தி இப்படி எழுதுகிறாள்: புல்வெளியில் விவசாயம் கடினம், அதனால் தானியத்துக்கும் இரும்புக்கும் சீனத்தோடு வியாபாரமோ சண்டையோ தவிர்க்க முடியவில்லை. இனக்குழுக்கள் ஓயாமல் தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்தன. செங்கிஸ்கான் அந்தக் குழுக்களைக் கலைத்து, வெவ்வேறு குழு ஆட்களைச் சேர்த்து பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்ற படைப்பிரிவுகளில் போட்டார். விசுவாசம் குலத்தை விட்டுத் தலைவன் பக்கம் திரும்பியது. இவள் ஒரு வருடத்தைக்கூடக் குறிப்பிடாவிட்டாலும், அதிக மார்க் இவளுக்குத்தான். இந்த ஒரு வருடத்தில் உங்கள் மகள் முதல் விடையிலிருந்து இரண்டாவது விடைக்கு வர வேண்டும். அவளுக்கு நான் வைக்கும் முதல் இலக்கு இதுதான்.

இரண்டாவது இலக்கு, ஒரு பத்தியைப் படித்ததும் "இதை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்?" என்று கேட்கும் பழக்கம். புகாராவின் வீழ்ச்சியைப் பற்றி விரிவாக எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, அது நடந்து ஆறு வருடம் கழித்து, 1226-இல்தான் பிறந்தார். அதுவும் மங்கோலிய ஆட்சியாளர்களிடம் வேலை பார்த்தவர். அப்படியென்றால் அவர் எழுதியதில் எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைச் சந்தேகிக்க வேண்டும்? பதினாறு வயதில் ஒரு பிள்ளை இப்படி யோசிக்கக் கற்றுக்கொண்டால், வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் அவ்வளவு சுலபமாக நம்பமாட்டாள். இந்தப் பாடத்தின் மீது எனக்கு இவ்வளவு பிடிப்பு இருப்பதற்கு இதுதான் காரணம்.

வரைபடம் பயிற்சி மட்டும்தான். வாரம் ஒருமுறை கால் மணி நேரம் போதும்.

காலாண்டுக்குள் ஒவ்வொரு பாடத்திலும் எது முன்னால், எது பின்னால் என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். அரையாண்டுக்குள் வாரம் ஒரு 8 மார்க் விடையைக் கடிகாரம் வைத்து எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்க வேண்டும். மார்க்கை இலக்காக வைக்காதீர்கள். விடை மாறினால் மார்க் தானாக ஏறும். கைடு புத்தகத்தை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள், அதிலிருக்கும் பாயிண்ட்டுகள் அவளைப் பழையபடி மனப்பாடத்துக்கே இழுத்துப் போகும். அரையாண்டு வரை டியூஷனும் வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரவு சாப்பிடும்போது அன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு? ஏன் அப்படிப் பண்ணாங்க?" என்று மட்டும் கேளுங்கள். எந்த 'ஏன்'-இல் அவள் தயங்குகிறாளோ, அந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அந்த ஓட்டை வெளியே தெரியாது.

பிராஜெக்ட்டுக்கு இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் வழக்கம் நிறைய இருக்கிறது. சென்னையில் இருந்துகொண்டு அது தேவையே இல்லை. ரோமானியப் பேரரசுப் பாடத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகம் போகலாம். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே இருக்கின்றன. இந்தியப் பொருட்களுக்காக வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போய்விடுகிறது என்று முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதையும் அந்தக் காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு நல்ல பிராஜெக்ட் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம்.

நேரமிருந்தால் ஜார்ஜ் கோட்டைக்கும் கூட்டிப்போங்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748 உடன்படிக்கையில் கனடாவின் லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்து, சென்னையை ஆங்கிலேயர் திரும்ப வாங்கினார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டது. அதன் நினைவுக் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதில் சுவரில் இருக்கிறது. இவை அவளுடைய தேர்வில் வராமல் போகலாம். ஆனாலும், உலக வரலாறு நம் ஊர்த் தெரு வழியாகவும் போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் படிப்பில் வரும் ஈடுபாடே வேறு.

இனி வேலை. வரலாறு என்றாலே ஐஏஎஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் 18-ஆம் நூற்றாண்டு முதலான உலக வரலாறு இருப்பது உண்மைதான், ஆனால் அந்தத் தேர்வை எந்தப் பட்டம் படித்தவரும் எழுதலாம், போட்டியும் கடுமை. அதை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை அனுப்பக் கூடாது. நீண்ட பத்தியைப் படித்து வாதத்தைப் பிரித்தெடுக்கும் திறமை சட்டத்துக்கு நேரடியாக உதவும். சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டே பத்திகளை வைத்துத்தான் நடக்கிறது. ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற வாதத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992-இல் மாபோ வழக்கில் தள்ளியது. உங்கள் மகள் இதை வரலாறாகப் படிப்பாள், சட்ட மாணவர்கள் வழக்காகப் படிப்பார்கள். பத்திரிகை, தொல்லியல், அருங்காட்சியகப் பணி, ஆசிரியப் பணி ஆகியவையும் இருக்கின்றன. பிஏ வரலாறுக்கு இங்கேயே மாநிலக் கல்லூரி, கிறித்துவக் கல்லூரி, லயோலா இருக்கின்றன. வெளியூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம். கணக்கில் அவள் கெட்டி என்கிறீர்கள். பள்ளியில் வரலாற்றோடு கணிதமோ அப்ளைடு மேத்ஸோ எடுக்க வழியிருந்தால் அதை விடாதீர்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் சேர பன்னிரண்டாவதில் கணிதம் படித்திருக்க வேண்டும், பிற்பாடு யோசித்துப் பயனில்லை. போர்டில் பெயர்ப் பதிவு முடிந்துவிட்டால் பாடம் மாற்றுவது மிகவும் கஷ்டம். அதனால் இந்த வாரமே வகுப்பாசிரியரைப் பார்த்துக் கேளுங்கள், போகும்போது உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கணிதம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முதல் டெஸ்ட் விடைத்தாளை வரலாற்று ஆசிரியரிடமிருந்து வாங்கி, எந்த 8 மார்க் விடையில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.