ஆப் ஸ்டோர் சர்வர்: சேலம் வாசகர்களின் கேள்வி-பதில்

அஸ்தம்பட்டி வாசகர்: கல்லூரி மாணவர்களின் ஆப்களுக்காகச் சின்னதாக ஒரு ஸ்டோர் செய்கிறோம். ஏ.பி.கே. ஃபைல்களை (ஆண்ட்ராய்டு ஆப்பின் இன்ஸ்டால் ஃபைல்கள்) மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் டேபிளிலேயே போட்டுவிட்டோம். பேக்கப் எடுக்கவே விடிந்துவிடுகிறது.

முதல் வேலையாக ஃபைல்களை அங்கிருந்து வெளியே எடுங்கள். டேபிளில் ஆப்பின் பெயர், வெர்ஷன் எண், அளவு, எஸ்.எச்.ஏ-256 ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே ஏதாவது மாறினால் இதுவும் மாறிவிடும்), ஃபைல் இருக்கும் இடம், இவ்வளவு போதும். ஃபைல் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (ஃபைல்களுக்கென்றே உள்ள தனிச் சேமிப்பு) இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு சி.டி.என். (நகலைப் பயனருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கும் சர்வர்கள்) நிற்கட்டும். போன் வந்து கேட்டால் ‘இவருக்குக் கொடுக்கலாமா’ என்று மட்டும் உங்கள் சர்வர் பார்த்துவிட்டு, சில நிமிடங்களில் காலாவதியாகும் லிங்க் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். ஃபைலைத் தானே சுமக்கக் கூடாது. ஃபைல் பெயரில் ஹேஷையும் சேர்த்துவிடுங்கள். புது வெர்ஷனுக்குப் புது முகவரி வந்துவிடும், கேஷில் (தற்காலிக நகலில்) பழையது ஒட்டிக்கொண்டிருக்கும் தலைவலி இருக்காது.

ஏற்காடு வாசகர்: மலையில் சிக்னல் வந்து வந்து போகும். 60 எம்.பி. ஆப் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

ஃபைலை ஏதோ ஸ்கிரிப்ட் வழியாக அனுப்புகிறீர்கள் போலிருக்கிறது, பெரும்பாலும் கோளாறு அதுதான். ‘இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு’ என்று போன் தன் கோரிக்கையின் ரேஞ்ச் ஹெட்டரில் கேட்கும், ஸ்கிரிப்ட் அதைக் கண்டுகொள்ளாமல் 200 (‘முழுதும் இதோ’) என்று சொல்லி முழு ஃபைலையும் திரும்பக் கொட்டும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் நேராகக் கொடுத்தால் 206 (‘ஒரு பகுதி மட்டும்’) என்று பதில் சொல்லி மிச்சத்தை மட்டும் தரும். அடிவாரத்தில் தொடங்கிய டவுன்லோடு 20 கொண்டை ஊசி வளைவிலும் அறுந்து அறுந்து மேலே வந்தாலும் பரவாயில்லை, முடிந்ததும் ஹேஷைச் சரிபார்த்தால் சரி. அப்டேட்டில் மாறியதை மட்டும் அனுப்ப பிஎஸ்டிஃப் என்ற கருவி இருக்கிறது, ஆனால் பேட்ச் (மாறியது மட்டும் உள்ள ஃபைல்) உருவாக்கப் பழைய ஃபைலைப்போல 17 மடங்கு மெமரி கேட்கும். உங்கள் ஆப்புக்கே ஒரு ஜி.பி. ஆகிவிடும். தவிர, ஏ.பி.கே. என்பது சுருக்கிக் கட்டிய ஜிப் ஃபைல்தான், பிரிக்காமல் ஒப்பிட்டால் பேட்சும் பெரிதாகத்தான் வரும். டெவலப்பர் ஃபைலை ஏற்றும்போதே பின்னணியில் செய்து வையுங்கள், அதுவும் கடைசி இரண்டு மூன்று வெர்ஷனுக்கு மட்டும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: வெள்ளிப் பட்டறைகளுக்கான பில்லிங் ஆப் வைத்திருக்கிறோம். டவுன்லோடு எண்ணிக்கை உண்மையைவிட எகிறி நிற்கிறது.

மேலே ஏற்காட்டுக்குச் சொன்னதுபோல அறுந்து அறுந்து வரும் ஒரே டவுன்லோடின் துண்டு ஒவ்வொன்றையும் தனி டவுன்லோடாக எண்ணுகிறீர்கள் போலிருக்கிறது. இன்ஸ்டால் முடிந்ததும் போன் அனுப்பும் தகவலை எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே ரோவை அப்டேட் செய்யவும் வேண்டாம், லாக்கில் சேர்த்துவைத்து அப்புறம் மொத்தமாகக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆத்தூர் வாசகர்: ‘கொலுசு’ என்று ஆப்பின் பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் சில சமயம் கிடைப்பதில்லை!

அந்தக் ‘கொ’வைப் பாருங்கள். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் யூனிகோடில் அதை எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. முறையில் நார்மலைஸ் செய்தால் (இரண்டையும் ஒரே வடிவமாக்கினால்) தீர்ந்தது. ‘கொலுசுகள்’ என்று தேடுகிறவர்களுக்காக, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 12-ஆம் வெர்ஷனிலிருந்து தமிழ் ஸ்டெம்மர் (‘கள்’ போன்ற விகுதியை வெட்டி அடிச்சொல்லைப் பிடிப்பது) கூடவே வருகிறது. நம் ஆட்கள் நிறையப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுவார்கள், அதற்குத் தனியாக ஒரு ஃபீல்டும் டிரைகிராம் இன்டெக்ஸும் (மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்து ஒப்பிடுவது, ஸ்பெல்லிங் கொஞ்சம் மாறினாலும் பிடிக்கும்) வைத்துவிடுங்கள்.

சூரமங்கலம் வாசகர்: எச்.டி.டி.பி.எஸ். இருக்கிறதே, அப்புறம் டிஜிட்டல் கையொப்பம் எதற்கு?

எச்.டி.டி.பி.எஸ். காப்பது சர்வருக்கும் போனுக்கும் இடையிலான வழியை மட்டும்தான். ஸ்டோரேஜுக்குள் எவனாவது புகுந்து ஃபைலை மாற்றிவைத்தால் அதையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். டெபியன் லினக்ஸ், எஃப்-டிராய்டு ஆப் ஸ்டோர் இரண்டும் ஹேஷ் பட்டியலையே கையொப்பமிட்டுத்தான் வெளியிடுகின்றன. நீங்களும் அப்படியே செய்யுங்கள், கையொப்பமிடும் ரகசியச் சாவி வெப் சர்வரில் இருக்கவே கூடாது. பட்டியலுக்குக் காலாவதித் தேதியும் போடுங்கள், இல்லையென்றால் ஓட்டையுள்ள பழைய வெர்ஷனின் பட்டியலை யாராவது புதிதுபோல நீட்டலாம். டெவலப்பர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: ஆண்ட்ராய்டில் போனிலுள்ள ஆப்பில் கையொப்பமிட்ட சாவியும் அப்டேட்டில் கையொப்பமிட்ட சாவியும் ஒத்துப்போகவில்லை என்றால் போன் அப்டேட்டை ஏற்காது, சாவியைத் தொலைத்துவிட்டால் பயனர் ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், போனில் அது வைத்திருந்த டேட்டாவும் கூடவே போய்விடும்.